மைனஸ் பதினெட்டு

டர்பன் மோபேனியில், கோழியும் மீனும் உறையும் கிடங்கில்
இருப்புக் கணக்கு எழுதுகிறவள் நான்.
பதினோரு வருடமாக
அந்த அறைதான் எனக்கு வைத்தியம்.

கழுத்தடியில் ஒரு தீக்குச்சி உரசும்.
உடனே அட்டையைக் கையில் எடுப்பேன்:
"நாலாம் வரிசைக் கணக்கு உதைக்கிறது,
பார்த்துவிட்டு வருகிறேன்."
கனத்த கதவு. ரப்பர் உதடு பிரியும் சத்தம்.
மைனஸ் பதினெட்டு.
இறக்கை, ஈரல், ஹேக் மீன் பெட்டிகளுக்கு நடுவே
ஜாக்கெட்டைத் திறந்துபோட்டு நிற்பேன்.
இட்லிக் கொப்பரையைத் திறந்தாற்போல
என் மேலிருந்து ஆவி போகும்.
தண்டேக்கா ஒருநாள் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை,
கதவைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பரில் எனக்கு ஓய்வு.
கேக் வெட்டுவார்கள், கடிகாரம் தருவார்கள்.
அறையைத் தரமாட்டார்கள்.

சாட்ஸ்வர்த் வீட்டிலோ
அட்டவணை தவறாமல் இரவு இரண்டு மணிக்கு மின்வெட்டு.
விசிறி மூன்று சுற்று யோசித்து நிற்கும்.
விரிப்பு முதுகோடு வரும்.
பக்கத்தில் ஜெகநாதன், போர்வைக்குள் உருண்டை.
நாங்கள் தொட்டுக்கொண்டு எத்தனை வருடம் என்று
அந்தக் கணக்கை மட்டும் நான் எழுதவில்லை.
வலிக்கிறது என்று சொன்னதில்லை,
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் போதுமாக இருந்தது.

டாக்டர் ம்கிஸேவுக்கு என் மகள் வயது.
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"இதற்கு ஒரு ஜன்னல் உண்டு, மிஸஸ் படையாச்சி.
நின்று பத்து வருடத்துக்குள் வந்திருந்தால்
நன்றாகத் திறந்திருக்கும்.
உங்களுக்கு அறுபத்திரண்டு."
மூடிவிட்டதா?
"மூடவில்லை. ஒருக்களித்திருக்கிறது."

மாத்திரையாக வேண்டாம், ரத்தம் கட்டும் பயம் அதில் கூடுதல்.
தோலில் ஒட்டும் பட்டை, இருப்பதிலேயே குறைந்த அளவு.
கருப்பையைக் காக்க இன்னொன்று, இரவில்.
ஹார்மோனே வேண்டாமென்றால் வேறு வழியும் இருக்கிறது.
வலிக்கு மட்டும் என்றால் களிம்பு போதும்.
(வலியைப் பற்றி நான் எப்போது சொன்னேன்?)
அம்மாவுக்குப் பக்கவாதமா, எந்த வயதில்?
தங்கைக்கு மார்பில் ஏதாவது?
பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏறிவிட்டது.
அவர் என் ஃபைலாலேயே எனக்கு விசிறினார்.

டோங்காட்டிலிருந்து தங்கை சாலாச்சி போனில் கத்தினாள்:
"இந்த வயசிலா? பட்ட மரத்துக்கு எருவா?"
அவள் நடுராத்திரியில்
ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து தலையை உள்ளே வைத்து நிற்பதை
அவள் மருமகள் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.
நான் அதைச் சொல்லவில்லை.

அம்மா இதற்குத் தூரம் என்பாள்.
தூரமாக இருக்கிறாள், அடுப்படிக்கு வரமாட்டாள்.
பிறகு ஒருநாள், வெற்றிலையை மடித்தபடி:
"தூரம் நின்னு போச்சு."
தூரம் நின்றால்
எல்லாம் பக்கத்தில் வந்திருக்க வேண்டாமா?
கட்டிலிலிருந்து தூரம், கண்ணாடியிலிருந்து தூரம்,
நாக்கு நுனியில் இருக்கும் பெயரிலிருந்து தூரம்.
மேலாளரை ஒரு மாதமாக "சார்" என்றே ஓட்டுகிறேன்.

மார்புப் படம் எடுக்கப் படிவம் தந்தார்கள்.
அதில் ஒரு கட்டம்: கடைசி மாதவிடாய், தேதி.
ஒவ்வொரு பெட்டியிலும்
உறைந்த நாளும் கெடும் நாளும் பார்த்துக் கையெழுத்திடுகிறவள்,
பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
கடைசி என்று அது சொல்லிவிட்டா போனது?
அடுத்த மாதத்துக்கென்று வாங்கிய பாக்கெட்
இழுப்பறையில் வருடக்கணக்கில் காத்திருந்தது.
கடைசியில் ஒன்றைப் பிரித்து
ஒழுகும் குழாயைச் சுற்றிக் கட்டினேன்.
ஜூலை, தோராயம் என்று எழுதினேன்.

வியாழன் காலை எட்டு மணி.
பவுடர் போடக்கூடாதாம், வாசனை எதுவும் கூடாதாம்.
இரண்டு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று
தண்டேக்காவிடம் மட்டும் சொன்னேன், எதற்கு என்றும்.
நாலாம் வரிசையில்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.
"அந்தப் பட்டை என்ன விலை என்று கேட்டு வா" என்றாள்.
அப்போதுதான் பார்த்தேன்,
அவளும் ஜாக்கெட்டைத் திறந்துதான் போட்டிருந்தாள்.